மனோகரனின் சட்டை

சென்ற மாசி மாதத்தில், கிருஷ்ணகிரியில் நடந்த ஒரு கல்யாணத்துக்காகப் பெங்களூரிலிருந்து பஸ் ஏறினேன். முகூர்த்தத்துக்கென்று வாங்கிய புதுச் சட்டையைப் பெட்டியில் வைக்காமல் உடம்பிலேயே போட்டுக்கொண்டு கிளம்பியது என்னுடைய புத்திசாலித்தனம். ஜன்னல் ஓரத்தில் தலையை நீட்டிக்கொண்டிருந்த ஓர் ஆணி, அந்தப் புத்திசாலித்தனத்தை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையில் கிழித்துவிட்டது. ஓசூரில் இறங்கி ஒரு தையற்கடையைத் தேடிக்கொண்டு போனேன். ஆகவே, இந்தக் கட்டுரை அந்த ஆணியின் உபயம்.

ஓசூர் எல்லைப்புறத்து ஊர். வடக்கே ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கே கர்நாடகம் ஆரம்பமாகிவிடுகிறது. ஒரே கடைவீதியில் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பேரம் பேசலாம்; மூன்று பாஷையிலும் கடைக்காரர் விலையை மட்டும் குறைக்கமாட்டார். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு, மலைக்கோயிலும் மாட்டுப் பண்ணையும் பிரசித்தமாயிருந்த ஊரில் லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் உற்பத்தியாகத் தொடங்கின. இப்போது கைபேசி உறுப்புகளும் சேர்ந்துகொண்டன. அந்த வேலைக்காகக் கிருஷ்ணகிரி, தருமபுரி ஜில்லாக்களின் கிராமங்களிலிருந்தும் இன்னும் தூரத்திலிருந்தும் வந்த பெண்கள் கூட்டம் கூட்டமாக விடுதிகளில் தங்கியிருக்கிறார்கள். மாலை நேரத்தில் ஷிப்டு முடிந்து தொழிற்சாலை பஸ்கள் வரும்போது, கடைவீதியில் பாதிப் பேர் இருபது வயதுப் பெண்களாகவே இருக்கிறார்கள்.

நான் நுழைந்த கடையின் சொந்தக்காரருக்கு எழுபது வயதிருக்கும். மூக்கின் நுனியில் கண்ணாடி. கழுத்தில் மாலை மாதிரி இஞ்ச் டேப். என் கைக்கிழிசலை ஒரு வைத்தியரைப் போலப் பார்த்துவிட்டு, "உட்காருங்க சார், பத்து நிமிஷம்" என்றார். அவர் பத்து நிமிஷம் என்றது என்னுடைய சட்டைக்கு அல்ல, எனக்கு முன்னால் வந்து நின்றிருந்த ஒரு பெண்ணோடு அவருக்கு நடந்துகொண்டிருந்த தகராறுக்கு என்பது பிறகுதான் புரிந்தது.

"நேத்தே ஜாக்கெட்டை வெட்டியிருப்பேன் கண்ணு. நீதான் அளவு சரியில்லேன்னுட்டே."

"தாத்தா, நான் கேட்டது ஜாக்கெட் இல்லே. மனோகரனோட சட்டை!"

என் கிழிசலை நான் அந்தக் கணத்திலேயே மறந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். அந்தப் பெண் தங்கியிருக்கும் விடுதியில் ஆண்டு விழா. பெண்கள் மட்டுமே நடிக்கும் நாடகம். 'மனோகரா'விலிருந்து சில காட்சிகள். சங்கிலியால் கட்டுண்ட மனோகரன் சபையில் கர்ஜனை செய்யும் காட்சி இல்லாமல் 'மனோகரா' உண்டா? அந்த மனோகரன், இதோ நிற்கிற பெண்தான். நாடக உடை வாடகைக்குக் கொடுக்கும் கடையில் விசாரித்திருக்கிறாள். சரிகை வைத்த வெல்வெட்டுச் சட்டைகள் வரிசையாகத் தொங்கின. எல்லாம் ஆண்பிள்ளைகளின் அளவு. ஒன்றை மாட்டிக்கொண்டு எடுத்த படத்தைக் கைபேசியில் காட்டினாள். தோள் முழங்கைக்குப் பாதி வழி வந்துவிட்டது. மார்பிலோ பொத்தான் இழுத்துப் பிடிக்கிறது.

"கையைத் தூக்கினா சட்டையும் கூடவே தூக்குது, சார்," என்று என்னை நடுவராக்கிக்கொண்டு சொன்னாள். "சங்கிலியை அறுக்கணும்னா கையைத் தூக்காம எப்படி?"

நியாயமான கேள்வி. கையைத் தூக்காத மனோகரனைத் தமிழ்நாடு ஒருநாளும் ஒப்புக்கொள்ளாது.

* * *

மனோகரனைத் தெரியாத நேயர்கள் இருக்கமாட்டார்கள். இருந்தாலும் அவனுடைய ஜாதகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவனைப் பெற்றவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்து, வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் மேடை ஏறலாம் என்று காட்டியவர். 'மனோகரா' 1895-இல் அந்தச் சபையின் மேடையில் அரங்கேறியது. தாசியின் மோகத்தில் ராணியை ஒதுக்கிய அரசன். அவமானத்தைப் பொறுத்திருக்கும் தாய். பொறுக்க முடியாமல் துடிக்கும் மகன். பிற்பாடு எத்தனையோ கம்பெனிகள் அதை நடித்தன. 1954-இல் எல்.வி. பிரசாத்தின் டைரக்ஷனில், மு. கருணாநிதியின் வசனத்தோடு, சிவாஜி கணேசன் மனோகரனாகவும் கண்ணாம்பா தாயாகவும் நடித்த படம் வந்த பிறகு, தமிழ்நாட்டில் பள்ளிக்கூட விழா என்றால் ஒரு மனோகரன் நிச்சயம் என்று ஆயிற்று.

சுகுண விலாச சபையின் முதல் 'மனோகரா'வில் ராணியாக வந்தவரும் ஆண்தான். அந்தக் காலத்து மேடையில் ஸ்திரீ பார்ட்டு பெரும்பாலும் ஆண்பிள்ளைகளின் தொழில். சம்பந்த முதலியாருக்கு ஜோடியாகப் பெண் வேஷம் போட்ட ரங்கவடிவேலு, அந்தச் சபையில் பெரும் புகழ் பெற்றவர். தொழில்முறைக் கம்பெனிகளிலும் அப்படியே. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் ஏற்படுத்திய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையில் முழுவதும் பையன்கள். அதில் வளர்ந்த டி.கே. ஷண்முகம் பிற்காலத்தில் கிழவி ஔவையாராக நடித்து, 'ஔவை' என்ற பட்டத்தையே பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்டார். சிவாஜி கணேசனும் சிறு பையனாகக் கம்பெனியில் சேர்ந்தபோது சீதையாக வந்தவர்தான்.

இந்தப் பேச்சு வந்ததும் தையற்காரர் உற்சாகமாகிவிட்டார். அவருடைய தகப்பனார் கூத்து ஜமாக்களுக்கு உடை தைத்தவராம். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமங்களில், திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்தால் பதினெட்டு நாள் பகலில் கதை, இரவில் கூத்து.

"ஆம்பிளையைத் திரௌபதி ஆக்கிறது சுலபம் சார். துணியைக் கூட்டிக்கிட்டே போனா சரி. மார்புக்குத் துணி, இடுப்புக்குத் துணி, தலைக்குச் சவுரி. இந்தப் பொண்ணை மனோகரனாக்க எதைக் குறைக்கிறது? தோள் குறைச்சா மனோகரன் சோப்ளாங்கியா ஆயிடறான். உடம்போட அளவுக்கு வெட்டினா ஜாக்கெட்டா ஆயிடுது."

நான் கூத்தை ஒரு தடவை நினைத்துப் பார்த்தேன். அதில் ராஜா கட்டிக்கொள்கிற விரிந்த உடைக்கும் பாவாடைக்கும் அதிக வித்தியாசமில்லை. பாவாடை மாதிரி சுழல்கிற உடையோடுதான் துரியோதனன் உறுமுகிறான், ஒருவரும் சிரிப்பதில்லை. பெங்களூரில் தர்மராயசுவாமி கோயில் கரகத்தன்று, கரகம் சுமக்கும் பூசாரி புடவையும் வளையலும் அணிந்து வருகிறார். லட்சம் பேர் கை கூப்புகிறார்கள். ஆண் பெண்ணுடை தரித்தால் பக்தியும் கலையுமாகப் போய்விடுகிறது. பெண் ராஜாவின் சட்டையைக் கேட்டால்தான் இஞ்ச் டேப்புக்குக் குழப்பம் வந்துவிடுகிறது.

* * *

குழப்பத்துக்கு நம்முடைய வார்த்தைகளும் கொஞ்சம் காரணம். இங்கிலீஷ்காரனுக்கு ஜாக்கெட் என்பது ஆண்பிள்ளை போட்டுக்கொள்ளும் கோட்டு. கப்பல் ஏறி நம் நாட்டுக்கு வந்ததும் அந்த வார்த்தை ரவிக்கையாக மாறிவிட்டது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் "ஜாக்கெட் தைக்கணும்" என்று ஓர் ஆண் கடைக்குப் போனால், "வீட்டிலே அளவு ஜாக்கெட் கொடுத்தாங்களா?" என்றுதான் கேட்பார்கள். 'தையல்' என்ற சொல்லோ இன்னும் வேடிக்கை. ஊசியால் தைப்பதும் தையல், பெண்ணும் தையல். ஆனால் கோட்டு வெட்டும் தொழில் வெகுகாலம் ஆண்களிடமே இருந்தது.

சீமையிலும் இந்தத் தகராறு இருந்திருக்கிறது. 1666-இல் லண்டனில் சாமுவேல் பீப்ஸ் என்ற உத்தியோகஸ்தர், அரண்மனைப் பெண்கள் குதிரைச் சவாரிக்காக ஆண்களைப் போலவே கோட்டு அணிந்து நின்றதைக் கண்டு, தமக்கு அது பிடிக்கவில்லை என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். பிரான்ஸ் தேசத்தில் 1675-இல் பெண்களுக்குப் பெண்களே தைக்கலாம் என்று தையற்காரிகளுக்குத் தனிச் சங்கம் அமைக்க அரசன் அனுமதி கொடுத்தான். அதற்குப் பிறகும் சவாரிக் கோட்டு மட்டும் ஆண் தையற்காரர்களின் கையிலேயே தங்கியது. தோளும் காலரும் விறைத்து நிற்கும்படி உள்ளே கேன்வாஸ் வைத்துத் தைப்பது தங்கள் ரகசியம் என்று அவர்கள் சொன்னார்கள். இன்று உலகமெங்கும் பெண்கள் அணியும் கோட்டுக்கு அந்தச் சவாரிக் கோட்டு ஒரு பாட்டி.

பொத்தான் சமாசாரமும் இருக்கிறது. ஆண்களின் சட்டையில் பொத்தான் வலது பக்கம், காஜா இடது பக்கம். பெண்களின் சட்டையில் அப்படியே மாறி வரும். "மனோகரன் சட்டைக்குப் பொத்தான் எந்தப் பக்கம் வைக்கிறது?" என்று தையற்காரர் ஒரு பெரிய தர்மசங்கடத்தை எடுத்துப் போட்டார். அந்தப் பெண் உடனே பதில் சொல்லவில்லை. நானும் பதில் சொல்லாமல் பழைய கதைகளை யோசிக்கத் தொடங்கினேன்.

* * *

கதைகளில் பெண் ஆணுடை தரிப்பது புதிதல்ல. ஆனால் கூர்ந்து பார்த்தால் எல்லாக் கதைகளிலும் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. அந்த உடை இரவல் உடை.

ஷேக்ஸ்பியரின் போர்ஷியா வக்கீலின் அங்கியைப் போட்டுக்கொண்டு வழக்கை ஜெயிக்கிறாள். ஜெயித்ததும் அங்கியைக் கழற்றிவிட்டுப் புருஷன் வருவதற்கு முன் வீட்டுக்கு ஓடுகிறாள். சம்பந்த முதலியார் அந்த நாடகத்தைத் தமிழில் 'வாணீபுர வணிகன்' ஆக்கினார். ஷேக்ஸ்பியர் காலத்து மேடையில் போர்ஷியாவாக நடித்தது ஒரு பையன். பையன் பெண்ணாகி, அந்தப் பெண் ஆணாகி, மறுபடி பெண்ணாகி, திரை விழுந்ததும் பையனாகவே வீட்டுக்குப் போனான்!

பம்பாய் சினிமாவில் 1935-இல் 'ஹண்டர்வாலி' வந்தது. வாடியா சகோதரர்களின் படம். அண்ணா ஜே.பி.எச். வாடியாவுக்கு அமெரிக்க நடிகர் டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸிடம் அபார மோகம். ஃபேர்பாங்க்ஸ் 1920-இல் ஜோரோ என்ற முகமூடி வீரனாக நடித்து உலகத்தையே மயக்கியிருந்தார். அந்த வீரனை வாடியாக்கள் பெண்ணாக மாற்றித் தைத்தார்கள் என்று சொல்லலாம். ஆஸ்திரேலியாவில் பிறந்து பம்பாயில் வளர்ந்த நாடியா, முகமூடியும் பூட்ஸும் சாட்டையுமாக வந்து, கொடிய மந்திரியின் ஆட்களைத் தூக்கி எறிந்தார். ஜனங்களுக்கு வெறி பிடித்துவிட்டது. சாட்டை, பெல்ட்டு, தீப்பெட்டி என்று கடைச் சாமான்களுக்கெல்லாம் ஹண்டர்வாலி பெயர் வைத்தார்கள்.

தமிழிலும் பின்னாலேயே ஒருத்தி வந்தாள். 1937-இல் கே. அமர்நாத் டைரக்ஷனில் வந்த 'மின்னல்கொடி'யில் கே.டி. ருக்மிணி கதாநாயகி. மின்னல்கொடி என்பது ஒரு கொள்ளைக்காரனின் பெயர். சாகும் தறுவாயில் இருக்கும் அவனைச் சந்திக்கிற மோகினி, அவனுடைய பெயரையும் வேஷத்தையும் தனதாக்கிக்கொண்டு, பணக்காரர்களிடம் பிடுங்கி ஏழைகளுக்குக் கொடுக்கிறாள். துரத்தி வருகிற போலீஸ் அதிகாரிக்கே அவள்மேல் காதல் வந்துவிடுகிறது. காதல் வந்தால் கொள்ளைக்காரன் சட்டைக்கு வேலை ஏது?

ஹண்டர்வாலியின் முகமூடி விழுந்தால் இளவரசி மாதுரி. மின்னல்கொடியின் வேஷம் கலைந்தால் மோகினி. வீரம் செத்தவனிடமிருந்து வாங்கிய சட்டையைப் போல, காரியம் முடிந்ததும் திருப்பிக் கொடுக்கப்படுகிறது. பார்த்தவர்கள் விசில் அடித்துவிட்டு, "கடைசியில் பெண் பெண்ணாகவே ஆகிவிட்டாள்" என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போனார்கள்.

திருப்பிக் கொடுக்க மறுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கதை வேண்டியதில்லை, சரித்திரமே சொல்கிறது. பிரான்ஸ் தேசத்து ஜோன் என்ற குடியானவப் பெண் ஆணுடை தரித்துப் படையை நடத்தினாள். பிடிபட்ட பிறகு அவள்மீது சுமத்திய குற்றங்களில் அந்த உடையும் முக்கியமானது. 1431 மே 24-ஆம் தேதி அவளை மிரட்டி, பிழையை ஒப்புக்கொள்ளச் செய்து, பெண்ணுடை அணியவைத்தார்கள். சில நாட்களில் சிறையில் அவள் மறுபடி ஆணுடையில் காணப்பட்டாள். மே 30-ஆம் தேதி அவளை எரித்துவிட்டார்கள். அந்தத் தீர்ப்புச் செல்லாது என்று 1456-இல் அறிவித்தார்கள். 1920-இல் புனிதை என்று பட்டம் கொடுத்தார்கள். பட்டம் கொடுத்தபோது அவள் உடையைப் பற்றி யாரும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை.

* * *

ஆனால் இரவல் வாங்காமல், தங்கள் அளவுக்கே தைத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். அவர்கள் கதையில் வருகிறவர்கள் அல்ல; மேடையில் உழைத்துச் சாப்பிட்டவர்கள்.

பாரிஸில் சாரா பெர்னார்ட் 1899-இல் ஹாம்லெட்டாக நடித்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. நாடகத்தில் ஹாம்லெட் கடைசி வரையில் ஹாம்லெட்தான். 'உண்மையில் நான் பெண்' என்று முகமூடியைக் கழற்றும் காட்சி கிடையாது. இந்த வித்தியாசத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

நம் கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் அதே காலத்தில் முழுவதும் பெண்களே நடிக்கும் நாடகக் கம்பெனியை நடத்தினார். ராஜாவும் பெண், மந்திரியும் பெண், சேவகனும் பெண். நாடகம் பார்க்க வருகிறவர்களுக்காக விட்ட ரயிலுக்கே 'பாலாமணி ஸ்பெஷல்' என்று பெயர் வந்தது. கதியில்லாத பல பெண்களுக்கு அந்தக் கம்பெனி சோறு போட்டது. அந்த ராஜாக்களின் அங்கிகளை யாரோ ஒரு தையற்காரர் பெண்களின் அளவுக்குத் தைத்துத்தானே இருக்கவேண்டும்?

கே.பி. சுந்தராம்பாளின் கதை எல்லாருக்கும் தெரிந்தது. 1933 டிசம்பரில் கிட்டப்பா காலமானபோது அவருக்கு வயது இருபத்தைந்து. வெள்ளைப் புடவை உடுத்தினார். இனி ஆணோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். 'நந்தனார்' படத்துக்கு அழைத்தவர்களைத் தட்டிக்கழிப்பதற்காகவே ஒரு லட்சம் ரூபாய் கேட்டார். அவர்கள் சரி என்றுவிட்டார்கள்! 1935-இல் அந்தப் படம் வந்தது. ஆணோடு நடிக்கமாட்டேன் என்றவர் தாமே ஆணாக நடித்து அந்தப் பிரச்னையைத் தீர்த்துவிட்டார். நந்தனாக வரும் வேஷத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ராஜபார்ட்டுக்காவது வெல்வெட்டு அங்கி உண்டு; நந்தனுக்கோ மேல்சட்டையே கிடையாது. தைத்து மறைக்க ஒன்றுமில்லாத வேஷம். குரலால்தான் ஜெயிக்க வேண்டும்.

அந்தப் படத்தைக் கல்கி 'ஆனந்த விகட'னில் கடுமையாக விமர்சனம் செய்தார். படத்தில் வந்த மரத்துக்கும் எருமைக்கும் நடிப்புக்கான பாராட்டைக் கொடுத்துக் கேலி செய்தார். ஆனால் காலம் அவரையும் ஒரு கேலி செய்தது. 1941-இல் கல்கியும் சதாசிவமும் சொந்தப் பத்திரிகை ஆரம்பிக்க முனைந்தபோது பணம் வேண்டியிருந்தது. எம்.எஸ். சுப்புலக்ஷ்மி அதற்காக 'சாவித்திரி' படத்தில் நடிக்க ஒப்புக்கொண்டார். என்ன வேஷம்? நாரதர்! ஒரு பெண் ஆண் வேஷம் கட்டிச் சம்பாதித்த பணம் 'கல்கி' பத்திரிகைக்கு முதலாயிற்று. பிற்காலத்தில் அதிலே 'சிவகாமியின் சபத'மும் 'பொன்னியின் செல்வ'னும் படித்து நாமெல்லாம் கண்ணீர் விட்டதற்கு, நாரதரின் அந்த வேஷத்துக்கும் ஒரு நமஸ்காரம் செய்ய வேண்டும்.

எல்லைக்கு அப்பால் மைசூரில், குப்பி வீரண்ணா கம்பெனியில் நடித்த ஆர். நாகரத்தினம்மா 1958-இல் 'ஸ்திரீ நாடக மண்டலி' என்று பெண்கள் மட்டுமே கொண்ட கம்பெனி ஆரம்பித்தார். கிருஷ்ணன், கம்சன், துரியோதனன், ராவணன் என்று பெரிய பெரிய வேஷங்களைத் தாமே கட்டினார். 2012-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே வருஷம் காலமானார். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சை அரசந்தாங்கலில், கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் 2002-இலிருந்து 2020 வரை ஒரு கட்டைக்கூத்துக் குருகுலம் நடத்தினார்கள். அதில் பெண் குழந்தைகளும் சேர்ந்து, கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் சுமந்து, விடிய விடிய ராஜவேஷம் ஆடக் கற்றுக்கொண்டார்கள். ஆண்களின் தோளுக்கென்றே செதுக்கி வந்த மரக்கட்டைகளைப் பெண்ணின் தோள் தாங்கிற்று.

இவர்களில் ஒருவராவது ஆண்பிள்ளையாக ஆகிவிட ஆசைப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. நந்தனாக, நாரதராக, ராவணனாக ஆகவேண்டும் என்றுதான் ஆசைப்பட்டார்கள். இரண்டும் வேறு வேறு.

* * *

இதை நான் யோசித்துக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் தையற்காரரிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

"நான் ஆம்பிளையா வேஷம் போடலே தாத்தா, மனோகரனா வேஷம் போடறேன். என் உடம்பை ஒளிக்க வேண்டாம். மனோகரனைச் சின்னவனாக்கிடாதீங்க. அவ்வளவுதான்."

கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரு பழைய நாளிதழை விரித்து, சுண்ணாம்புக் கட்டியால் வெட்டுப்படம் போட ஆரம்பித்தார். போட்டுக்கொண்டே எனக்கும் விளக்கினார். கையைத் தூக்கினால் சட்டை கூடவே எழுவதற்குக் காரணம், அக்குள் வளைவு கீழே இறங்கியிருப்பது. அதை உடம்போடு ஒட்டி மேலே ஏற்றிவிட்டால் கை தனியாக எழும், சட்டை இருந்த இடத்தில் இருக்கும். தோளை அவளுடைய எலும்பு முடிகிற இடத்திலேயே நிறுத்தி, உள்ளே பஞ்சுப் பட்டை வைத்து எடுப்பாக்கலாம். காலருக்குக் கேன்வாஸ். மார்புக்கு?

"பிரின்சஸ் கட்டு போட்டுடலாம் சார்," என்றார்.

ஜாக்கெட் தைக்கிற கடைகளில் இந்தப் பெயர் இன்று சகஜம். மார்பில் தனியாக டாட் பிடிக்காமல், கை வளைவிலிருந்து இடுப்பு வரையில் ஒரே நீளத் தையலாக இறக்கி, உடம்பின் வடிவத்தை அந்தத் தையலுக்குள்ளேயே கொண்டுவந்துவிடுகிற வெட்டு. அந்த நீளத் தையலின் மேலேயே இரண்டு விரல் அகலச் சரிகைப் பட்டையை வைத்து அடித்துவிட்டால், பார்க்கிறவர்களுக்கு அது ராஜகுமாரனின் மார்பில் ஓடும் பொன்கோடு. அணிகிறவளுக்கு அளவான சட்டை. இடுப்பை அதிகம் பிடிக்க வேண்டாம்; ஒரு விரல் தளர்த்தினால் போதும். இளவரசனின் சட்டைக்கு இளவரசி வெட்டு! கிழவருக்கே தம்முடைய யோசனை பிடித்துவிட்டது என்பது அவர் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்த விதத்தில் தெரிந்தது.

"பொத்தானைச் சொல்லலியே கண்ணு. மனோகரன் பக்கமா, உன் பக்கமா?"

நான் ஆவலோடு காத்திருந்தேன். பீப்ஸும் ஜோனும் பாலாமணியும் என் மனத்தில் கூடி நின்று அவள் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"பொம்பளைங்க பக்கமே வையுங்க. நான் இடது கைக்காரி. இரண்டாம் காட்சிக்கு அவசரமா மாத்தணும், அந்தப் பக்கம்தான் எனக்குச் சீக்கிரம் போட வரும்."

என் மனத்தில் கூடியிருந்த சபை கலைந்துவிட்டது.

என் கைக்கிழிசலுக்கு ஒட்டுப் போட்டு முடித்தபோது முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. பெங்களூர்ச் சிக்பேட்டையில் வாங்கி வந்த அரக்குச் சிவப்பு வெல்வெட்டை அவள் மேஜைமேல் பிரித்துப் போட்டாள். கூலியைக் கேட்டதும் முகம் கொஞ்சம் வாடியது. இரண்டு நாள் சம்பளம் என்றாள். நான் மெதுவாக, "ஒரு மாலை நேரத்து நாடகத்துக்கு இவ்வளவு செலவா? வாடகைச் சட்டையையே கொஞ்சம் பிடித்துத் தைத்துக்கொண்டால் பாதிப் பணத்தில் முடிந்துவிடுமே?" என்றேன். கேட்ட பிறகுதான், நான் மத்தியதர வகுப்பைச் சேர்ந்தவன் என்பது எவ்வளவு சுலபமாக வெளிப்பட்டுவிடுகிறது என்று வெட்கமாயிருந்தது.

அவள் பணத்தை எண்ணி மேஜைமேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"வாடகைன்னா மறுநாள் காலையிலே திருப்பிக் கொடுக்கணும், சார்."